வேலை போன கணவர், நிலுவையில் இருக்கும் ஐ-485: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தவருக்கு, நேர்காணல் கடிதத்தோடு கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலும் வரும். ஸ்பான்சர், அதாவது பொறுப்பேற்கும் குடிமகன், சம்பந்தப்பட்ட பகுதியில் இரண்டு விஷயங்கள் கேட்டிருப்பார்கள். ஒன்று, இப்போதைய சம்பளத்தையும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்பதையும் சொல்லும் நிறுவனக் கடிதம். மற்றது, கடந்த இரண்டு மாதப் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு). ஆறு வாரம் முன்பு வேலை போன கணவரிடம் இரண்டுமே இருக்காது. அந்த வரியைப் படித்த நிமிடமே பலர் கலங்கிப்போய்த் தவறான வேலைகளில் இறங்குகிறார்கள். நண்பரின் கம்பெனியில் அவசரமாக ஒரு கடிதம் வாங்குவது, யாரிடமோ கடன் வாங்கி பேங்கில் போடுவது, பழைய பே ஸ்டப்பையே எடுத்துக்கொண்டு போய் 'கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்' என்றிருப்பது எல்லாம் அப்படி நடப்பவைதான்.

கீழே வருவது மாதிரி வழக்கு. இத்தகைய கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளை ஒரே குடும்பத்தில் வைத்துக் கட்டியது. குடும்பமும் அதன் வரவுசெலவும் கற்பனை; படிவங்கள், வரம்புகள், விதிகள் நிஜம்.

குடும்பம்

கணவர் அமெரிக்கக் குடிமகன். நியூ ஜெர்சியில் எடிசனில் வாடகை வீடு. மென்பொருள் சோதனை வேலை, ஆண்டுக்கு 88,000 டாலர். மனைவி கோயம்புத்தூர்க்காரர். எஃப்-1 விசாவில் முதுகலை படிக்க வந்து, படிப்பு முடிந்து ஓபிடியில் (மாணவர் விசாவோடு வரும் தற்காலிக வேலை அனுமதி) வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 2025 ஜனவரியில் கல்யாணம். ஏப்ரல் 10 அன்று ஐ-130 (கணவர் போடும் உறவு மனு), ஐ-485 (மனைவியின் கிரீன் கார்டு விண்ணப்பம்), ஐ-765 (வேலை அனுமதி விண்ணப்பம்), ஐ-864 (ஸ்பான்சரின் ஆதரவு உறுதி) நான்கும் ஒரே உறையில் போயின. ஐ-130-க்கு 675, ஐ-485-க்கு 1,440, ஐ-765-க்கு 260 டாலர் கட்டணம். கணவரின் அம்மா அவர்களோடுதான் இருக்கிறார். 2022-இல் மகன் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டு வாங்கியவர். அவருக்கு வருமானம் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் குழந்தை பிறந்தது. செப்டம்பர் 12 அன்று கணவருக்கு லே-ஆஃப் அறிவிப்பு. 30-ஆம் தேதியோடு வேலை முடிந்தது. சிறிய நிறுவனம் என்பதால் நியூ ஜெர்சியின் வார்ன் சட்டம் பொருந்தவில்லை. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 50 பேருக்குக் குறையாமல் அனுப்பினால் அந்த மாநிலத்தில் 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளமும் தர வேண்டும். அந்த 90 நாளும் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும் என்பதால், லே-ஆஃப் ஆனவர்கள் முதலில் இதை விசாரித்துக்கொள்வது நல்லது. இவருக்குக் கிடைத்தது 8 வாரச் சம்பளம், பிடித்தம் போவதற்கு முன் சுமார் 13,500 டாலர்.

நவம்பர் 19-க்கு நெவார்க் அலுவலகத்தில் நேர்காணல் என்று கடிதம் வந்தது.

எது ஆட்டம் கண்டது, எது காணவில்லை

முதலில் பயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐ-130 உறவை மட்டும் பார்க்கும் மனு. கல்யாணம் உண்மையானதா, முந்தைய கல்யாணங்கள் சட்டப்படி முடிந்தனவா என்பதே அங்கே கேள்வி. வருமானத்துக்கு அதில் இடமில்லை. மனைவியின் இருப்புக்கும் ஆபத்தில்லை. ஐ-485 நிலுவையில் இருக்கும்வரை அவர் அனுமதிக்கப்பட்ட தங்கலில் இருக்கிறார். அதன் பேரில் வந்த இஏடி (வேலை அனுமதி அட்டை) கணவரின் வேலையோடு கட்டப்பட்டதில்லை. எச்-1பி வேலை விசாக்காரர்களுக்கு வேலை போனால் 60 நாள் என்ற கணக்கைக் கேட்டுக் கேட்டுப் பழகியதால், இங்கேயும் ஏதோ கெடு ஓடுகிறது என்று நினைத்து நடுங்குபவர்கள் உண்டு. ஸ்பான்சர் குடிமகன். அவருக்கு அப்படி ஒரு கெடு கிடையாது.

ஆட்டம் கண்டது ஐ-864 மட்டும்தான். அந்தப் படிவம் ஸ்பான்சருக்கும் அமெரிக்க அரசுக்கும் இடையிலான ஒப்பந்தம். குடும்பத்தின் அளவுக்கு உரிய மத்திய வறுமைக்கோட்டில் 125 சதவீதத்துக்குக் குறையாமல் இந்த வீடு நடக்கும் என்று ஸ்பான்சர் உறுதி கொடுக்கிறார். ராணுவப் பணியில் இருப்பவர் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ ஸ்பான்சர் செய்தால் மட்டும் 100 சதவீதம் போதும். வேலை என்பது இந்த உறுதியை நிறைவேற்ற ஒரு வழி. வேறு வழிகளையும் விதியே வைத்திருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கும் அந்த வழிகள் கைவசம் இருந்தன, யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

தலைகளை எண்ணுவது

வேலை போன வீட்டில் எல்லோரும் வருமானத்தையே பார்க்கிறார்கள். வரம்பு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது குடும்ப அளவு. பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன. இந்த வழக்கில் கணவர் முதலில் போட்ட எண் 3: தான், மனைவி, குழந்தை. அம்மாவை அவர் சேர்க்கவில்லை. 'அம்மாதான் கிரீன் கார்டு வாங்கிட்டாங்களே' என்பது அவர் நினைப்பு.

அம்மாவுக்காக 2022-இல் அவர் கையெழுத்திட்ட ஐ-864 இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பொறுப்பு நீங்க அம்மா குடியுரிமை பெற வேண்டும், அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்குச் சேர வேண்டும், அல்லது நிரந்தரவாசத்தை விட்டு நாட்டைவிட்டே போக வேண்டும், அல்லது இறக்க வேண்டும். முன்பு ஐ-864 கொடுத்து இன்னும் பொறுப்பில் இருப்பவர்களை எண்ணிச் சேர்க்கவே குடும்ப அளவுப் பகுதியில் தனிக் கட்டம் இருக்கிறது. ஆக, அளவு 4. ஏப்ரலில் விண்ணப்பித்தபோதும் இதே கணக்கில் அளவு 3 ஆகியிருக்க வேண்டும். அப்போது 2 என்று போட்டிருந்தார்கள். 88,000 டாலர் சம்பளத்தில் அந்தத் தவறு யார் கண்ணிலும் படவில்லை. இப்போது படும்.

2025-ஆம் ஆண்டின் ஐ-864பி அட்டவணைப்படி, அலாஸ்காவும் ஹவாயும் தவிர்த்த மாநிலங்களில், 125 சதவீதம் என்பது 2 பேருக்கு 26,437 டாலர். 3 பேருக்கு 33,312. 4 பேருக்கு 40,187. 5 பேருக்கு 47,062. இந்த வீடு தொட வேண்டிய எண் 40,187. அட்டவணை ஆண்டுதோறும் மாறும். நேர்காணல் புத்தாண்டைத் தாண்டிப் போனால் புதிய எண்ணையும் கையில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

எந்த ஆண்டின் வருமானம்?

விதியின்படி, விண்ணப்பித்த ஆண்டில் ஸ்பான்சருக்கு எதிர்பார்க்கக்கூடிய வருமானமே அடிப்படை. 2025-இல் இவர் செப்டம்பர் வரை வாங்கிய சம்பளம் 66,000. லே-ஆஃப் தொகையோடு சேர்த்தால் 79,500-ஐத் தொடும். 40,187-ஐ அது தாராளமாகத் தாண்டுகிறது. ஐ-864 கொடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகி, நாள் கடந்தது என்பதைத் தவிர வேறு குறிப்பான காரணமும் இருந்தால் அதிகாரி புதிய ஆதாரம் கேட்கலாம் என்றும் விதி சொல்கிறது. இங்கே ஓராண்டு ஆகவில்லை.

இந்த வாதத்தை முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தியாக எழுதிவைப்பது சரி. அதை மட்டும் நம்பி நேர்காணலுக்குப் போவது சரியில்லை. படிவம் கேட்பது இப்போதைய ஆண்டு வருமானத்தை. எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி, மனைவி நாளை அரசு உதவியை நாடி நிற்கக்கூடியவரா என்ற தனிக் கேள்வியையும் சேர்த்தே எடைபோடுகிறார். அதில் மனைவியின் வயது, உடல்நிலை, குடும்ப நிலை, சொத்து, படிப்பு, தொழில்திறன் எல்லாம் வரும். வேலை போய்விட்டது, வேறு எதுவும் இல்லை என்ற கோப்பைப் பார்த்தால் ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) அனுப்பக் கை போகும். அதனால் விதிவாதம் பின்னணியில் இருக்கட்டும். முன்னால் இன்றைய கணக்கு நிற்க வேண்டும்.

வீட்டுக்குள் இருந்த வருமானம்

வேலை போனதும் கணவர் முதல் போன் போட்டது டாலஸ் பக்கம் இருக்கும் மனைவியின் சித்தப்பாவுக்கு: "சித்தப்பா, ஒரு கையெழுத்து வேணும்." உண்மையில் முதலில் பார்த்திருக்க வேண்டியது எதிர் நாற்காலியில் இருந்த மனைவியின் பே ஸ்டப்பை.

கிரீன் கார்டு கேட்பவர் ஸ்பான்சரின் மனைவியாகவோ கணவராகவோ இருந்தால், அவருடைய வருமானத்தையும் கணக்கில் சேர்க்கலாம். நிபந்தனைகள் இரண்டு. அது அனுமதியோடு செய்யும் வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு வந்த பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வர வேண்டும். மனைவியோடு சேர்ந்து வேறு யாரும் குடியேறவில்லை என்றால் அவர் ஐ-864ஏ (வீட்டு உறுப்பினரின் ஒப்பந்தம்) தர வேண்டியதில்லை; அதைச் சொல்லும் கட்டத்தில் குறி போட்டால் போதும். குழந்தை அமெரிக்காவில் பிறந்த குடிமகன் என்பதால் சேர்ந்து குடியேறுபவர் கணக்கில் வராது.

மனைவிக்கு மணிக்கு 26 டாலர், வாரம் 24 மணி நேரம். 26-ஐ 24-ஆல் பெருக்கினால் வாரத்துக்கு 624. 52 வாரத்துக்கு 32,448 டாலர்.

இங்கே ஒரு இடறல் இருந்தது. பிரசவ விடுப்பில் பத்து வாரம் சம்பளப் பட்டியலில் இடைவெளி. அக்டோபர் 14 அன்றுதான் திரும்பச் சேர்ந்தார். கடந்த இரண்டு மாதப் பே ஸ்டப்பை மட்டும் நீட்டினால், புதிதாக ஆரம்பித்த வேலை போலவோ பாதியில் நின்ற வேலை போலவோ தெரியும். அதைச் சரிக்கட்டியது நிறுவனக் கடிதம். அதில் இருந்தவை: வேலையில் சேர்ந்த நாள், பதவிப் பெயர், விடுப்பு தொடங்கிய நாளும் திரும்பிய நாளும், மணி ஊதியம், வார மணி நேரம், வேலை காலவரையின்றித் தொடரும் என்ற ஒரு வரி. கடைசி வரிக்குத்தான் அதிக எடை. முதலில் வந்த வரைவில் மனிதவளத் துறை 'ஓபிடி காலம் முடியும்வரை' என்று பழைய வார்ப்பிலிருந்து எழுதியிருந்தது. அது அப்படியே போயிருந்தால் 'அதே இடத்திலிருந்து தொடரும்' என்ற நிபந்தனை அடிபட்டிருக்கும், 32,448 டாலரும் கணக்கிலிருந்து போயிருக்கும். மனைவி இப்போது வேலை செய்வது ஐ-485 வழியாக வந்த இஏடியில் என்பதைக் காட்டி, கடிதத்தைத் திருத்தி வாங்கினார்கள். விடுப்புக்கு முந்தைய நான்கு மாதப் பே ஸ்டப், திரும்பிய பிறகு வந்தவை, இஏடியின் இரு பக்க நகல் ஆகியவையும் கூடப் போயின.

அனுமதியில்லாமல் கையில் பணம் வாங்கிச் செய்த வேலை இதில் சேராது. குடிமகனின் மனைவி அப்படி வேலை செய்திருந்தாலும் அது ஐ-485-ஐத் தடுக்காது என்பது வேறு விதி. அந்தப் பணத்தை வருமானமாக எழுதலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

வேலையிழப்பு உதவித்தொகையைச் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது வேலை பார்த்ததால் கிடைக்கும் உரிமை. வறுமை உதவியில் சேராது. வாங்கினால் விண்ணப்பத்துக்குக் கெடுதல் இல்லை. வரிப் படிவத்தில் மொத்த வருமானத்திலும் அது வரும். ஆனால் நியூ ஜெர்சியில் அதிகபட்சம் 26 வாரத்தோடு நின்றுவிடும். நிற்கப்போகும் பணத்தை 52 வாரத்துக்குப் பெருக்கி எழுதினால் மற்ற எண்களின் மேலும் சந்தேகம் விழும். இந்தக் கோப்பில் உதவித்தொகைக் கடிதத்தை இணைத்தார்கள், கூட்டலில் சேர்க்கவில்லை. அந்த முடிவு சரி.

பள்ளத்தை நிரப்பிய சொத்து

40,187-இலிருந்து 32,448 போனால் குறை 7,739 டாலர். குறையைச் சொத்தால் நிரப்பலாம். குடிமகன் தன் மனைவியையோ கணவனையோ ஸ்பான்சர் செய்தால் குறையின் 3 மடங்கு சொத்து காட்ட வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஸ்பான்சர் என்றால், பெரும்பாலான மற்றக் குடும்ப வகைகளைப் போல, 5 மடங்கு. இங்கே 7,739-ஐ 3-ஆல் பெருக்க 23,217.

சொத்து என்றால் ஓராண்டுக்குள், பெரிய நட்டமில்லாமல் பணமாக்கக்கூடியது. கூட்டுக் கணக்கில் 14,200 டாலர். பங்கு நிதியில் 6,800. இரண்டும் சேர்ந்து 21,000. இன்னும் 2,217 குறைகிறது.

கணவரின் 401(கே) ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் அவருக்கு முழு உரிமை வந்துவிட்ட தொகை 31,000 டாலர். அந்த வேலையில் இருந்தபோது அதை வெளியே எடுக்கப் பெரும்பாலும் வழியில்லை. வேலையை விட்டுப் பிரிந்ததும் எடுக்கலாம். 59½ வயது ஆகாததால் 10 சதவீத அபராதமும் வருமான வரியும் போகும். அதனால் 31,000 என்று எழுதாமல், 30 சதவீதம் கழித்து 21,700 என்று எழுதினார்கள். கழித்த விதத்தையும் ஒரு வரியில் காட்டினார்கள். நிஜமாக எடுக்க வேண்டியதில்லை, எடுக்கவும் கூடாது. எடுக்க முடியும் என்று கணக்கு அறிக்கை காட்டினால் போதும். மொத்தச் சொத்து 42,700. வேண்டியது 23,217. இவ்வளவு இடைவெளி இருப்பது நல்லது. வேலையில்லாத வீட்டில் சேமிப்பு வாரத்துக்கு வாரம் கரையும். நேர்காணலன்று பேங்க் இருப்பு மூவாயிரம் குறைந்திருந்தாலும் கணக்கு உடையாது.

பேங்க் அறிக்கை 12 மாதத்துக்கும் வைத்தார்கள். அக்டோபரில் விழுந்த பெரிய தொகை லே-ஆஃப் பணம் என்பதை அந்த ஒப்பந்தத்தின் நகலோடு குறித்தார்கள். காரணம் தெரியாத பெரிய வரவு இருந்தால் அது கடன் வாங்கிப் போட்டது என்றுதான் தோன்றும், கடன் சொத்தாகாது.

வீட்டில் ஒரே கார். ஒரு காரைச் சொத்தில் காட்டக் கூடாது. இரண்டாவது இருந்தால்தான் அதன் மதிப்பைச் சேர்க்கலாம். சொந்த வீடு இருந்திருந்தால் மதிப்பீட்டு அறிக்கையில் உள்ள தொகையிலிருந்து அடமானக் கடனைக் கழித்தது மட்டும் சேரும்.

கோவையில் மனைவி பெயரில் ஒரு வீட்டுமனை இருக்கிறது. கிரீன் கார்டு கேட்பவரின் வெளிநாட்டுச் சொத்தும் சேரும், அந்தப் பணத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியும் என்று காட்டினால். அதற்கு வேண்டியவை: கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, தமிழில் உள்ளவற்றுக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு ஆங்கில மொழிபெயர்ப்பு. விற்ற பணம் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களின் இந்திய வங்கிக் கணக்கு) வந்தால், வரி கட்டிய பின் நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்ப இந்திய விதி இடம் தருகிறது என்பதையும் எழுத வேண்டும். இதெல்லாம் கைக்கு வர ஊரில் அப்பா பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். 401(கே) போதுமானதாக இருந்ததால் மனையை இழுக்கவில்லை. நகையை எழுதலாமா என்பார்கள். நகையின் மதிப்பைச் சான்றோடு நிறுவுவதும், அதை விற்பார்கள் என்று நம்பவைப்பதும் கடினம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் பார்க்கலாம்.

சித்தப்பாவின் கையெழுத்து

ஜாயிண்ட் ஸ்பான்சர், அதாவது கூடவே பொறுப்பேற்கும் இன்னொருவர், உறவினராக இருக்க வேண்டியதில்லை. குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ, 18 வயது நிரம்பியவராக, அமெரிக்காவில் வசிப்பவராக இருந்தால் போதும். ஆனால் வரம்பை அவர் தனியாகவே தாண்ட வேண்டும். கணவரின் வருமானத்தோடு கூட்டிக் காட்ட முடியாது. சித்தப்பா வீட்டில் 4 பேர், மனைவியைச் சேர்த்து 5, வரம்பு 47,062. அவர் சம்பளம் 71,000. தாராளம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: ஜாயிண்ட் ஸ்பான்சர் வந்துவிட்டார் என்பதற்காகக் கணவரின் ஐ-864 விலகிவிடாது. வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் மனு போட்டவர் தன் ஐ-864-ஐத் தந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் போன கோப்பு ஆர்எஃப்இ ஆகித் திரும்பும்.

கையெழுத்துப் போடும் உறவினருக்கு முழு விவரமும் சொல்லிக் கேட்பதுதான் மரியாதை. நாளை இந்தத் தம்பதி விவாகரத்து வாங்கினாலும் அவர் பொறுப்பு தீராது. மனைவி சில வகை அரசு உதவிகளை வாங்கினால், கொடுத்த துறை சித்தப்பாவிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மனைவியே நீதிமன்றம் போய் 125 சதவீத அளவுக்கு ஆதரவு கேட்கலாம். சித்தப்பா வேறு வீட்டுக்குக் குடிபோனால் 30 நாளுக்குள் ஐ-865 (ஸ்பான்சரின் முகவரி மாற்றப் படிவம்) தர வேண்டும். நாளை தன் அம்மாவை ஸ்பான்சர் செய்ய நினைத்தால், இந்த மனைவியும் அவருடைய தலைக்கணக்கில் வந்து உட்காருவார். கிரீன் கார்டு கொடுக்கப்படும்வரைதான் கையெழுத்தை அவர் திரும்பப் பெற முடியும்.

அதனால் சித்தப்பாவின் ஐ-864, வரி டிரான்ஸ்கிரிப்ட், டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று), நிறுவனக் கடிதம், குடியுரிமைச் சான்றின் நகல் எல்லாவற்றையும் தயார் செய்து இரண்டாவது கோப்பில் வைத்தார்கள். அதிகாரி கேட்டால் மட்டும் எடுப்பது என்று முடிவு. தேவைப்படாத நீண்டகாலப் பொறுப்பை ஒருவர் தலையில் வைக்க வேண்டாம் என்பதே காரணம். நமக்கும் இதுவே சரியான வரிசையாகப் படுகிறது: வீட்டு வருமானம், பிறகு சொத்து, கடைசியில் வெளியார் கையெழுத்து.

நேர்காணல் மேசை

முன்னால் வைத்த கோப்பில் முதலில் ஒரு பக்க முகப்புக் கடிதம்; அதில் மேலே எழுதிய கூட்டல் கழித்தல் அப்படியே. அடுத்து புதிய ஐ-864, நடப்புப் பதிப்பில், எல்லாப் பக்கமும் ஒரே பதிப்புத் தேதியில், கணவரின் கையெழுத்தோடு. வேலை பற்றிய பகுதியில் 'வேலையில்லை, இந்தத் தேதியிலிருந்து' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறியும், கடைசி வேலை நாளுக்கு மறுநாளான 2025 அக்டோபர் 1 என்ற தேதியும். குடும்ப அளவு 4. பிறகு 2024 வரி டிரான்ஸ்கிரிப்ட்டும் டபிள்யூ-2-வும், லே-ஆஃப் கடிதம், மனைவியின் ஆவணங்கள், சொத்து ஆவணங்கள், குழந்தையின் பிறப்புச் சான்று.

இருவரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அதிகாரி படிவத்தைப் புரட்டியபடி கணவரிடம், "இன்னும் இதே நிறுவனத்தில்தானே வேலை?" என்று கேட்பார். பதில் மூன்று வாக்கியம்: "இல்லை, செப்டம்பர் 30-ஆம் தேதியோடு லே-ஆஃப். அதனால் புதிய ஐ-864 கொண்டுவந்திருக்கிறோம். மனைவியின் சம்பளமும் எங்கள் சொத்தும் அதில் இருக்கின்றன." கதை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். வேலை போனது தள்ளுபடிக்குக் காரணமாகாது. போகவில்லை என்று சொன்னால் மொத்தமும் போகும். தெரிந்தே பொய்த்தகவல் கொடுத்துக் குடியேற்றப் பலன் பெற முயல்வது ஆயுள் முழுக்கத் தொடரும் தடையைக் கொண்டுவரக்கூடும். விலக்குக் கேட்டுத் தனிப் போராட்டம் நடத்த வேண்டிவரும்.

வேலை போன அன்றே யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு (அமெரிக்கக் குடியேற்றத் துறை) எழுத வேண்டுமா? வேலை மாற்றத்துக்கு அப்படி ஒரு கெடு இல்லை. நேர்காணலில் புதுப்பித்துத் தந்தால் போதும். முகவரிக்குத்தான் கெடு. வாடகை கட்ட முடியாமல் அண்ணன் வீட்டுக்கு மாறினால் மனைவி 10 நாளுக்குள் ஏஆர்-11 முகவரி மாற்றப் படிவம் தர வேண்டும். வேறு அலுவலகத்தின் எல்லைக்குள் போனால் நேர்காணலும் அங்கே மாறும், மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம். முடிந்தால் நேர்காணல் முடியும்வரை இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது.

அதிகாரிக்குத் திருப்தி என்றால் அங்கேயோ சில நாள் கழித்தோ ஒப்புதல். இல்லையென்றால் ஆர்எஃப்இ. பதில் தர அதிகபட்சம் 84 நாள், தபாலில் வந்தால் மேலும் 3 நாள். நீட்டிப்பு கிடையாது, பதிலும் ஒரே முறைதான். பாதியை இப்போதும் மீதியைப் பிறகும் அனுப்ப முடியாது. அந்த நேரத்தில்தான் இரண்டாவது கோப்பு கைகொடுக்கும்.

தவறிப்போகும் இடங்கள்

புதிய வேலைக்கான ஆஃபர் கடிதம் நல்ல ஆதாரம். ஆனால் சேரும் தேதி நேர்காணலுக்குப் பிறகு என்றால் அது இன்னும் வருமானமாகவில்லை. கோப்பில் வைக்கலாம், அதையே தூணாக நம்பக் கூடாது. வேலை போனதும் வாடகைக் கார் ஓட்டவோ உணவு டெலிவரிக்கோ போகிறவர்கள், ஆப்பில் தெரியும் மொத்த வரவை வருமானமாக எழுதிவிடுகிறார்கள். சுயதொழிலில் பெட்ரோல், தேய்மானம், கமிஷன் எல்லாம் கழித்து வரிப் படிவத்தின் ஷெட்யூல் சி-யில் நிற்கும் நிகரத் தொகைதான் வருமானம். வாரம் 900 என்று ஆப்பில் பார்த்தது அங்கே பாதியாகத் தெரியலாம். தொடங்கி ஆறு வாரமே ஆன தொழிலுக்கு வரி வரலாறும் இருக்காது.

மருத்துவக் காப்பீட்டில் பயந்து தப்புச் செய்பவர்களும் உண்டு. கோப்ரா, அதாவது பழைய நிறுவனத்தின் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடர்வது, எடுக்க 60 நாள் அவகாசம். 18 மாதம் வரை தொடரலாம், செலவு அதிகம். குழந்தைக்கு மாநிலக் காப்பீடு வாங்கினால் மனைவியின் கிரீன் கார்டு போய்விடும் என்று தடுப்பூசியைத் தள்ளிப்போட்ட வீடுகள் இருக்கின்றன. 2022 டிசம்பர் 23 முதல் நடப்பிலுள்ள விதியில், அரசுச் சுமை என்று கணக்கிடுவது விண்ணப்பதாரர் தாமே வாங்கும் பண உதவியையும், அரசுச் செலவில் நீண்டகாலம் பராமரிப்பு இல்லத்தில் இருப்பதையும்தான். குழந்தை வாங்குவது அம்மா கணக்கில் ஏறாது. இந்த விதியை விலக்க 2025 நவம்பரில் முன்மொழிவு வந்திருக்கிறது. ஆகவே மனைவி தம் பெயரில் எதற்கும் விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

மனைவி இந்தியாவில் இருந்தால்

அப்போது பாதை என்விசி (தேசிய விசா மையம்), டிஎஸ்-260 (குடியேற்ற விசா விண்ணப்பம்), பிறகு பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். அங்கே அதிகாரி நேர்காணல் நாளின் நிலைமையையே பார்ப்பார். மேலே சொன்ன வரிசையும் மாறும். ஜாயிண்ட் ஸ்பான்சரின் ஆவணங்களை ஒளித்துவைக்காமல் முன்கூட்டியே பதிவேற்றிவிட வேண்டும். குறை இருந்தால் 221(ஜி) தாள் கொடுத்து நிறுத்திவைப்பார்கள். ஓராண்டுக்குள் கேட்டதைத் தராவிட்டால் மனு முடிந்துபோகும்.

இன்னொரு பொறி இருப்பிடம். வேலை போன கணவர், 'சும்மா இருக்கும் நேரத்தில் மனைவியோடு இருக்கலாம்' என்று வாடகை வீட்டைக் காலிசெய்து கோவைக்கு வந்துவிடுகிறார். அமெரிக்காவில் வசிப்பவர்தான் ஸ்பான்சர் ஆக முடியும். அங்கே வீடில்லை, வேலையில்லை, ஆறு மாதமாக இந்தியாவில் என்றால், திரும்பிக் குடியேறப் போகிறார் என்பதை நிரூபிக்க வேண்டிய சுமையும் கூடுகிறது. வரலாம், ஆனால் அங்கே ஒரு முகவரி, பேங்க் கணக்கு, ஓட்டுநர் உரிமம், நடந்துகொண்டிருக்கும் வேலைத் தேடலின் பதிவுகள் எல்லாம் உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

ஒப்புதலுக்குப் பிறகு

கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிறையாமல் ஒப்புதல் ஆனதால் இந்த மனைவிக்கு வருவது இரண்டாண்டு நிபந்தனைக் கிரீன் கார்டு. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 (நிபந்தனையை நீக்கும் மனு) போட வேண்டும். அதில் ஐ-864 கேட்பதில்லை, வருமான வரம்பும் இல்லை. அதற்குள் கணவருக்கு வேலை கிடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே பார்ப்பது சேர்ந்து வாழ்ந்த தடயங்களை: கூட்டு வரிப் படிவம், இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டுக் கணக்கு, குழந்தையின் சான்று. வேலையில்லாத மாதங்களில் சிக்கனத்துக்காகக் கூட்டுக் கணக்கை மூடிவிட்டுத் தனித்தனிக் கணக்குக்குப் போயிருந்தால், இரண்டு ஆண்டு கழித்து அந்த இடைவெளி கேள்வியாக வரும். இந்த வீட்டில் அந்தக் கணக்கை 14,200-இலிருந்து 5,000-க்கு இறங்கியபோதும் மூடவில்லை.

நேர்காணல் முடிந்து ஒப்புதல் கடிதம் வந்த அன்று, சித்தப்பாவின் கோப்பு திறக்கப்படாமலேயே அவருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.